பலகை மாட்டிய பங்களா: பாரம்பரியக் கட்டடம் என்ற சொல்லுக்குப் பின்னால் இருப்பது என்ன?

திருநெல்வேலிச் சீமையில் வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா எதையாவது ‘பாரம்பரியக் கட்டடம்’ என்று யாராவது சொன்னால் போதும், ஊரில் மூன்று கேள்விகள் கிளம்பிவிடும். இனி இதை இடிக்க முடியாதா? அரசாங்கம் எடுத்துக்கிடுமா? பக்கத்து மனைக்காரன் மாடி கட்டக்கூடாதாமே, நிஜந்தானா? மூன்றுக்கும் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். எல்லாப் பதிலும் எங்கேயோ ஓரிடத்தில் உண்மையாகத்தான் இருக்கும். சட்டத்தில் வெவ்வேறாக இருக்கிற ஐந்து நிலைகளைப் பேச்சில் ஒரே சொல்லால் சொல்லிவிடுவதால் வந்த குழப்பம் இது.

இன்னொரு குழப்பமும் உண்டு. அறிவிப்புப் பலகை மாட்டியதும் கட்டடம் பிழைத்துவிட்டது என்று நினைக்கிறோம். இடிப்பதைத்தான் சட்டம் தடுக்கும். கொத்தனாரின் கரண்டி செய்யும் சேதம் எந்தச் சட்டத்துக்கும் எளிதில் தென்படாது. இது புரிய வேண்டுமென்றால் பங்களாவின் உடம்பு எப்படிக் கட்டப்பட்டது என்று தெரிய வேண்டும். முதலில் சட்டத்தைப் பார்த்துவிடலாம், அது சீக்கிரம் முடிந்துவிடும்.

ஒரு சொல், ஐந்து நிலைகள்

1. தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சின்னம். இதற்கு 1958-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம். பொறுப்பு இந்தியத் தொல்லியல் துறைக்கு. நாடு முழுக்க ஏறத்தாழ 3,700 சின்னங்கள்தான் இந்த வரிசையில் இருக்கின்றன. ஆதிச்சநல்லூர் அவற்றில் ஒன்று. குறைந்தது 100 ஆண்டுப் பழமை வேண்டும். அறிவிக்கும் முன் இரண்டு மாத அவகாசம் கொடுத்து ஆட்சேபம் கேட்க வேண்டும்.

2. மாநிலம் பாதுகாக்கும் சின்னம். தமிழ்நாட்டின் 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநிலத் தொல்லியல் துறை அறிவிப்பது. ஒரே வேலைக்கு இரண்டு சட்டம் ஏன் என்றால், அரசியல் சாசனமே அப்படிப் பிரித்திருக்கிறது. தேசிய முக்கியத்துவம் உள்ளவை மத்தியப் பட்டியலில், மற்றவை மாநிலப் பட்டியலில்.

3. பாரம்பரிய ஆணையச் சட்டம். கோயில், கோட்டை என்ற வரையறைக்குள் வராத வீடு, பள்ளி, அலுவலகம் போன்றவற்றையும் காக்க வேண்டும் என்று தமிழ்நாடு 2012-ல் இயற்றியது. இயற்றினார்களே தவிர, நடைமுறைக்குக் கொண்டுவரப் பல ஆண்டுகள் இழுத்துவிட்டது.

4. நினைவு இல்லம். கட்டடத்தின் அழகுக்காகவோ வயதுக்காகவோ அல்லாமல், அதில் வாழ்ந்தவருக்காக அரசு பராமரிப்பது. எட்டயபுரத்துப் பாரதி இல்லம் இந்த வகை. இதைச் செய்தி மக்கள் தொடர்புத் துறை கவனிக்கிறது, தொல்லியல் துறை அல்ல.

5. பட்டியல் மட்டும். 1984-ல் தொடங்கிய, பாரம்பரியத்தைக் காக்கப் பாடுபடும் இன்டாக் போன்ற அமைப்புகள் தொகுப்பவை. மதிப்புள்ள ஆவணந்தான். ஆனால் பட்டியலில் பெயர் இருப்பதால் மட்டும் ஒரு செங்கல்லுக்கும் சட்டப் பாதுகாப்பு வந்துவிடாது.

மும்பையில் 1995-லிருந்து முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று பிரிக்கும் நகரமைப்பு விதிகள் இருக்கின்றன. முதல் தரத்தில் கைவைக்கவே கூடாது என்கிற அளவுக்குக் கெடுபிடி. தரம் இறங்க இறங்க உள்ளே மாற்றிக்கொள்ள இடம் தருவார்கள், தெருவைப் பார்த்த முகம் மட்டும் மாறக்கூடாது. சென்னையிலும் உயர் நீதிமன்றம் அமைத்த குழு வழியாகப் பட்டியல் ஒன்று உருவானது. அது சென்னைக்கானது. அதை எடுத்துவைத்துக்கொண்டு பாளையங்கோட்டை வீட்டுக்கு நியாயம் பேசினால் எடுபடாது.

இப்போது அந்த மூன்று கேள்விகள்.

இடிக்கலாமா? முதல் இரண்டு நிலைகளில் முடியாது, செய்தால் குற்றம். ஐந்தாவது நிலையில், மற்ற அனுமதிகள் இருந்தால், தடுக்க ஆளில்லை.

அரசு எடுத்துக்கொள்ளுமா? பாதுகாக்கப்பட்டதாக அறிவிப்பதும் உடைமையைக் கையகப்படுத்துவதும் ஒன்றல்ல. மத்தியச் சட்டப்படி உடைமையாளர் உடைமையாளராகவே தொடரலாம். பராமரிப்பு பற்றி அரசோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளும் வழியும் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. வீடு உங்களுடையதுதான், ஆனால் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது.

பக்கத்து மனை? இதுதான் மக்களைப் பெரிதும் பயமுறுத்துவது. 2010-ல் வந்த திருத்தப்படி, மத்தியப் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. முதல் வட்டத்தில் புதிய கட்டுமானம் கூடாது. ஏற்கெனவே இருக்கிற வீட்டைப் பழுதுபார்க்க அனுமதி வாங்கலாம். இரண்டாவது வட்டத்தில் அனுமதியோடு கட்டலாம். இது நினைவு இல்லத்துக்கோ வெறும் பட்டியலுக்கோ பொருந்தாது. ஆகவே ‘நம்ம தெரு பங்களா பாரம்பரியச் சின்னமாயிட்டாம்’ என்று யாராவது சொன்னால் முதலில் கேட்க வேண்டியது, எந்தச் சட்டத்தின் கீழ் என்பதைத்தான்.

பாளையங்கோட்டை பங்களா ஊர் ஆனது எப்படி?

1801-ல் ஆற்காட்டு நவாபோடு செய்துகொண்ட உடன்படிக்கையால், அன்று கர்நாடகம் என்று சொல்லப்பட்ட நவாபின் நாட்டு முழு நிர்வாகமும் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. அதே ஆண்டு பிப்ரவரியில்தான் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். பாளையக்காரர் போரை முடித்துவிட்டு, கம்பெனி இங்கேயே கச்சேரி, அதாவது அரசு அலுவலகம், போட்டு உட்கார்ந்தது. கோட்டை பிற்பாடு இடிக்கப்பட்டது. மேடை போலீஸ் ஸ்டேஷன் என்று ஊரார் சொல்லும் இடம்போல ஒன்றிரண்டு துண்டுகள்தான் மிச்சம்.

திருநெல்வேலி டவுனை விட்டுவிட்டு ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஏன் வந்தார்கள்? கோட்டையும் படையும் இருந்தது ஒரு காரணம். இன்னொன்று காய்ச்சல் பயம். வயற்காட்டு ஈரத்திலிருந்து எழும் கெட்ட காற்றுதான் காய்ச்சலைக் கொண்டுவருகிறது என்று அந்தக் காலத்து ஐரோப்பிய மருத்துவம் நம்பியது. மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதற்கு ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் சான்று கண்டது 1897-ல்தான். டவுனைச் சுற்றிலும் நெல்வயல். பாளையங்கோட்டை மேடான வறண்ட தரை. ‘ஹைகிரவுண்ட்’ என்ற பெயர் இன்றும் பஸ்ஸில் புழங்குகிறது. இரண்டு ஊருக்கும் நடுவில் தாமிரபரணி. 1843-ல் கச்சேரியில் சிரஸ்தார் என்ற உள்ளூர்த் தலைமை அலுவலராக இருந்த சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தில் பாலம் கட்டிக் கொடுக்கும்வரை அந்தப் பக்கம் போகப் படகுதான்.

அதிகாரிகளுக்கு அப்புறம், சில விஷயங்களில் அதிகாரிகளைவிட ஆழமாக, இந்த மண்ணில் வீடு கட்டியவர்கள் மிஷனரிகள். ரேனியஸ் 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்தார். ஊசிக்கோபுரம் என்று நாம் சொல்லும் கோயில் அவர் காலத்தது. 1840-களில் சாயர்புரத்தில் ஜி.யு.போப், இடையன்குடியில் கால்டுவெல். கலெக்டர் ஓரிரு ஆண்டில் மாற்றலாகிப் போய்விடுவார். மிஷனரி அதே வீட்டில் நாற்பது ஆண்டு இருப்பார். ஆகவே மிஷன் வீட்டில் உள்ளூர்க் கைவேலையும் உள்ளூர்ப் பழக்கமும் அதிகம் கலந்திருக்கும்.

வளவுக்கும் பங்களாவுக்கும் உள்ள வேறுபாடு

பங்களா என்ற சொல்லே வங்காளத்திலிருந்து வந்தது. வங்க தேசத்துக் குடிசையின் சரிந்த கூரையும் சுற்றுத் தாழ்வாரமும் ஐரோப்பியர் கைக்குப் போய், பெருத்து, கம்பெனி போன இடமெல்லாம் போனது. ஆக, நாம் வெள்ளைக்கார வீடு என்று நினைக்கிற வடிவத்தின் பாட்டி ஒரு வங்காளக் குடிசை.

நெல்லை டவுன் வீட்டோடு ஒப்பிட்டால் வித்தியாசம் சட்டென்று விளங்கும். நம் வீடு தெருவிலிருந்து பின்பக்கம் நோக்கி நீளும். திண்ணை, தார்சா, பட்டாசல், அடுக்களை, புறவாசல். பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டியிருக்கும். வளவு வீடுகள் என்றால் ஒரு முற்றத்துக்கு ஐந்தாறு குடும்பம், ஒரு கிணறு. வெளிச்சமும் காற்றும் மேலிருந்தோ முற்றத்திலிருந்தோ வரும். வீடு தனக்குள்ளே பார்த்துக்கொண்டிருக்கும்.

பங்களா இதற்கு நேர் எதிர். பெரிய காம்பவுண்டுக்கு நடுவில், யாரையும் தொடாமல், வெளியே பார்த்து நிற்கும். வாசல் கதவுக்கு நேரே பின்கதவு. நடுவில் ஒரு பெரிய கூடம், இரண்டு பக்கமும் அறைகள், சுற்றிலும் வராந்தா. நம் திண்ணையில் வழிப்போக்கன் உட்காரலாம். பங்களா வராந்தாவுக்குக் கேட்டைத் தாண்டித்தான் வர வேண்டும். உட்காரச் சொன்னால்தான் உட்கார வேண்டும். இரண்டும் நிழல் தருகிற இடந்தான் என்றாலும் திண்ணை தெருவின் பகுதி, வராந்தா வீட்டுக்காரரின் பகுதி.

வராந்தா நாலு பக்கமும் எதற்கு?

இங்கிலாந்தில் நண்பகல் வெயில் எப்போதும் தெற்கிலிருந்துதான் வரும். திருநெல்வேலி வடக்கு அட்சரேகை ஏறத்தாழ 8.7 பாகையில் இருக்கிறது. சூரியன் ஏப்ரல் நடுவில் நம் தலைக்கு நேர் மேலே வந்து, பிறகு வடக்கே போய், ஆகஸ்ட் கடைசியில்தான் திரும்புகிறது. ஜூன் 21 நண்பகலில் உச்சியிலிருந்து ஏறத்தாழ 15 பாகை வடக்கே நிற்கும். மார்கழியில் 32 பாகை தெற்கே. சித்திரை, வைகாசி வெயிலில் வடக்குச் சுவரும் காயும். தென்பக்கம் மட்டும் நிழல் போட்டால் நடக்காது. காலையிலும் மாலையிலும் கிழக்கு, மேற்குச் சுவர்களில் அடிக்கிற வெயில் தனி. ஆக நாலு புறமும் எட்டு, பத்து அடி அகலத்துக்கு வராந்தா. சுவரில் வெயில் படாவிட்டால் வீட்டின் சூடு பாதி குறைந்த மாதிரிதான்.

கூரையை மிக உயரமாக வைத்தார்கள். சூடான காற்று மேலே போய்த் தங்கும். உச்சியில் இருக்கிற சின்னத் திறப்புகள் வழியாக வெளியேறும். சாய்ந்த மரப்பட்டைகள் கொண்ட ஜன்னல் கதவைச் சாத்தினாலும் காற்று வரும், வெயில் வராது. தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய்கள் வழியாகப் பாயும் நாட்டில் இது பெரிய வசதி. அதே காற்றுதான் இன்று காற்றாலைகளையும் சுற்றவைக்கிறது.

கூடத்தில் பங்கா என்ற பெரிய துணி விசிறி தொங்கும். அதன் கயிறு சுவரில் உள்ள ஓட்டை வழியாக வராந்தாவுக்கு வரும். அங்கே ஒருவர் உட்கார்ந்து மணிக்கணக்கில் இழுத்துக்கொண்டிருப்பார். அடுக்களை தள்ளித் தனியாக இருக்கும். புகையும் நெருப்பும் வீட்டுக்குள் வேண்டாம் என்பது ஒரு காரணம், வேலைக்காரர் நடமாட்டம் கண்ணில் பட வேண்டாம் என்பது இன்னொன்று. குளியலறைக்கு வெளிப்பக்கமாக ஒரு தனிக்கதவு உண்டு. மலம் அள்ளுகிறவர் வீட்டுக்குள் கால் வைக்காமல் வந்து போவதற்கான கதவு அது. பழைய பங்களாவை ஹோட்டலாக்கும்போது முதலில் அடைப்பது இந்தக் கதவையும் பங்காக் கயிற்று ஓட்டையையுந்தான். என்னைக் கேட்டால், தூண்களைவிட இவை இரண்டும் கட்டாயம் காப்பாற்றப்பட வேண்டியவை. அந்த வீடு யார் உழைப்பில் குளிர்ந்தது என்பதற்குச் சுவரில் இருக்கிற சாட்சி இவைதான்.

சுவரும் தளமும்: சுண்ணாம்பின் கணக்கு

பங்களா வடிவம் வெளியிலிருந்து வந்ததே தவிர உடம்பு முழுக்க உள்ளூர்தான். சுண்ணாம்புக்குக் கடற்கரைச் சிப்பி. பதப்படுத்தக் கடுக்காயும் கருப்பட்டியும். உடன்குடிக் கருப்பட்டி பக்கத்தில் இருக்கும்போது வேறெங்கே போவது? சாதாரண வீடுகளின் கூரைக்குப் பனங்கட்டை, வசதிப்பட்ட வீட்டுக்குத் தேக்கு.

சுண்ணாம்பு வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், பின்னால் வரும் வாதம் முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது. சிப்பியைக் காளவாசலில் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு போய்விடும். மிஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறும். இதை நாள்கணக்கில் ஊறவைத்து, மணல் சேர்த்து அரைத்துப் பூசினால், காற்றிலிருந்து கரியமில வாயுவை மெல்ல மெல்ல இழுத்து மறுபடியும் கல்லாகும். சிப்பி சுவராகி மறுபடி சிப்பியின் குணத்துக்கே திரும்புகிறது என்று சொல்லலாம். இது மாதக்கணக்கில், சுவர் தடிமனாக இருந்தால் வருடக்கணக்கில் நடக்கும். கருப்பட்டித் தண்ணீர் இறுகுவதைத் தாமதப்படுத்திக் கைக்குப் பதமாக வைத்திருக்கும்.

இப்படி ஆன சுவரில் நுண்ணிய துளைகள் இருக்கும். தரையீரம் சுவரில் ஏறும், ஏறிய ஈரம் பூச்சின் வழியாக வெளியே காயும். சுவர் மூச்சுவிடுகிறது என்று பழைய கொத்தனார்கள் சொல்வது வெறும் அலங்காரப் பேச்சில்லை.

தட்டட்டி, அதாவது மொட்டைமாடித் தளம், போடும் முறை தனிக்கலை. கட்டைக்குத்துத் தளம் என்றும் மெட்ராஸ் டெரஸ் என்றும் சொல்வார்கள். படிப்படியாக இப்படி:

1. சுவருக்குச் சுவர் பெரிய உத்திரம். அதன்மேல் ஒன்று, ஒன்றரை அடிக்கு ஒன்றாகத் தேக்குக் கட்டைகள்.

2. கட்டைகளின்மேல், ஓர் அங்குலமே தடிமனான சின்னச் செங்கற்களைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்தி, மூலைவாட்டாகச் சுண்ணாம்பில் ஒட்டிக்கொண்டே போக வேண்டும். கீழே முட்டு எதுவும் கிடையாது. ஒரு கல் முந்தின கல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

3. அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவை மூன்று, நாலு அங்குலம். கடுக்காய், கருப்பட்டித் தண்ணீர் தெளித்துக்கொண்டே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள்.

4. கடைசியில் தட்டையான ஓடு இரண்டு வரி, சரிவு பார்த்துப் பதிக்க வேண்டும்.

கம்பி இல்லை, சிமென்ட் இல்லை. நூறு, நூற்றைம்பது ஆண்டு நிற்கும். பலவீனமான இடம் ஒன்றே ஒன்று. கட்டையின் முனை சுவருக்குள் போகிற அந்த அரையடி. அங்கே ஈரம் நின்றால் கட்டை உளுக்கும், கரையான் ஏறும்.

இடையன்குடி: ஒரு வீட்டை வைத்துப் பார்ப்போம்

திசையன்விளைக்குப் பக்கத்தில், தேரிக்காட்டுச் செம்மண்ணும் பனையும் சூழ்ந்த ஊர் இடையன்குடி. 1838-ல் சென்னைக்கு வந்த ராபர்ட் கால்டுவெல், பிறகு எஸ்.பி.ஜி. என்ற ஆங்கிலிக்கன் மிஷனரிச் சங்கத்தில் சேர்ந்து, 1841 இறுதியில் இங்கே வந்தார். நாற்பது ஆண்டுக்கு மேல் இதுதான் அவர் ஊர். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் முதற்பதிப்பு 1856, திருத்திய பதிப்பு 1875, திருநெல்வேலி வரலாறு 1881 என்று அவர் பெரிய நூல்களெல்லாம் இந்தக் காலத்துக்குள் வந்தவை. 1844-ல் அவர் மணந்த எலைசா, நாகர்கோவில் மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மகள். பெண்களுக்குப் பள்ளியும் லேஸ் பின்னல் வேலையும் இந்த ஊரில் அவர் கையால் வளர்ந்தவை. மிஷன் வீடு என்பது குடியிருப்பு மட்டுமல்ல. பள்ளி, மருந்து, பஞ்சாயத்து எல்லாம் அங்கேதான் நடக்கும்.

அவர் தொடங்கிய பரிசுத்த திரித்துவ ஆலயத்துக்கு 1847-ல் அடிக்கல் போட்டு 1880-ல்தான் பிரதிஷ்டை நடந்தது. முப்பத்துமூன்று ஆண்டு. தெருக்களை நேராக வகுத்து, கிணறு வெட்டி, மரம் நட்டு ஊரையே அவர் அமைத்த விதத்தை வீட்டோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 1891 ஆகஸ்ட் 28-ல் கொடைக்கானலில் இறந்தவரை இங்கே கொண்டுவந்து அந்த ஆலயத்திலேயே அடக்கம் செய்தார்கள். அவரைப் பற்றி ஒரே குரலில் யாரும் பேசுவதில்லை என்பதும் உண்மை. இவ்வட்டார மக்களைப் பற்றி 1849-ல் எழுதிய சிறுநூல் பிற்காலத்தில் கடும் எதிர்ப்பைச் சம்பாதித்தது.

அவர் வாழ்ந்த வீட்டைத் தமிழ்நாடு அரசு புதுப்பித்து 2011-ல் நினைவு இல்லமாகத் திறந்தது. மேலே சொன்ன ஐந்தில் நாலாவது நிலை. இதனால் வருவது என்ன என்று கவனியுங்கள். வீடு காக்கப்படுவது கால்டுவெல்லுக்காக. சுவர், ஓடு, ஜன்னல் எல்லாம் அவர் பெயரின் நிழலில் பிழைத்திருக்கின்றன. அதே காலத்தில் கட்டிய, அதே அளவு நல்ல வேலைப்பாடுள்ள, ஆனால் பெயர் தெரியாத ஒரு குருவானவரோ தாசில்தாரோ வாழ்ந்த வீட்டுக்கு இந்த வழி திறக்காது. இன்னொரு சங்கடமும் இருக்கிறது. நினைவு இல்லம் என்றால் ஆளை நினைத்தால் போதும், பழைய கட்டடம்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பாஞ்சாலங்குறிச்சியில் இன்று நாம் பார்க்கும் கட்டபொம்மன் கோட்டை 1974-ல் அரசு கட்டியது. நினைவுச் சின்னமாக அதில் குற்றமில்லை. அதைப் பழைய கோட்டை என்று பிள்ளைகளுக்குக் காட்டுவதில்தான் கோளாறு.

வயதைக் கண்டுபிடிப்பது

‘இருநூறு வருஷத்து பங்களா’ என்று சொல்லாத ஊரில்லை. சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் சில தடயங்களைப் பார்க்கலாம்.

1. மங்களூர் ஓடு இருந்தால், அந்தக் கூரை 1865-க்கு முற்பட்டதல்ல. பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது அந்த ஆண்டில்தான். அதற்கு முன் கைவாட்டமாகச் செய்த நாட்டு ஓடு.

2. ரயில் தண்டவாளத் துண்டு உத்திரமாக இருந்தால், தூத்துக்குடிக்கு ரயில் வந்த 1876-க்குப் பிந்தியதாக இருக்கவே அதிக வாய்ப்பு.

3. மூலச் சுவரிலேயே சிமென்ட் கலவை இருந்தால் இருபதாம் நூற்றாண்டு.

ஒரு எச்சரிக்கை. ஓடு கூரையின் வயதைத்தான் சொல்லும், வீட்டின் வயதை அல்ல. 1840-ல் கட்டிய வீட்டுக்கு 1890-ல் சீமை ஓடு போட்டிருக்கலாம். ஆகவே ஒரு வீட்டுக்கு ஒரு தேதி என்று தேடாமல், அடித்தளத்துக்கு ஒன்று, கூரைக்கு ஒன்று, பின்கட்டுக்கு ஒன்று என்று தேடுவதுதான் சரி. அப்படித் தேடினால் ‘எந்த நிலைக்குத் திருப்பிப் புதுப்பிப்பது?’ என்ற கேள்வியும் கூடவே வரும். 1890-ல் போட்ட ஓட்டை எடுத்துவிட்டு 1840-க் கூரை போடுவது, நடந்த வரலாற்றில் ஐம்பது ஆண்டை அழிப்பதாகும்.

பங்களாவைக் கொல்வது எது?

புல்டோசர் கொன்றவையும் உண்டு. ஆனால் அக்கறையோடு செய்த மராமத்து கொன்றவை அதற்குக் குறைவில்லை. நடப்பது இப்படித்தான்.

சுவரில் உப்புப் பூத்துக் காரை உதிர்கிறது. பார்க்க அசிங்கமாக இருக்கிறது. வி.ஐ.பி. வருகிறார் என்றால் அவசரம் வேறு. பழைய பூச்சைக் கொத்திவிட்டு நல்ல கெட்டியான சிமென்ட் பூசி, மேலே பிளாஸ்டிக் வகைப் பெயின்ட் அடிக்கிறார்கள். இரண்டு வருஷம் பளபளவென்று இருக்கும். தரையீரம் ஏறுவது நிற்கவில்லை. வெளியே காய வழியில்லாததால் சுவரில் இன்னும் உயரமாக ஏறும். ஈரத்தோடு வந்த உப்பு முன்பு பூச்சில் படிகமாகி உதிர்ந்தது. இப்போது செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி அதை மாவாக்கும். பழைய சூளைச் செங்கல் மிருதுவானது, சிமென்ட் அதைவிடக் கெட்டி. ஒருநாள் பூச்சு பாளமாகப் பெயரும்போது செங்கல்லின் முகத்தையும் கூட்டிக்கொண்டு வரும். கடற்கரை உப்புக்காற்று உள்ள இடத்தில் இது இன்னும் வேகமாக நடக்கும்.

சுண்ணாம்புப் பூச்சு உதிர்வது நோயல்ல. சுவருக்காகப் பூச்சு தேய்கிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பூச்சை மாற்றிக்கொண்டே இருந்தால் சுவர் அப்படியே இருக்கும். வருஷா வருஷம் பொங்கலுக்கு வெள்ளையடித்த பழக்கத்தில் இந்தக் கணக்குத்தான் ஒளிந்திருந்தது.

தட்டட்டியிலும் இதே கதை. ஒழுகுகிறது என்று மேலே கான்கிரீட் போடுவார்கள். பாரம் கூடும். ஒழுகல் நிற்பது போலத் தெரியும். ஆனால் விரிசல் வழியே இறங்கிய தண்ணீர் கீழே கட்டை முனையில் தேங்கும். வெளியே எந்த அறிகுறியும் இல்லாமல் கட்டை உளுத்து, ஒரு மழைநாளில் தளம் மொத்தமாக இறங்கும். அப்புறம் ‘கட்டடம் உறுதித்தன்மை இழந்துவிட்டது’ என்று ஓர் அறிக்கை வரும், இடிக்க அதுவே காரணமாகும்.

இதில் யாரையும் குற்றம் சொல்லிப் பயனில்லை. மராமத்துக்கான அரசு விலைப்பட்டியலும் டெண்டர் முறையும் சிமென்ட் வேலையை மனதில் வைத்துப் பழகியவை. சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த ஆள் குறைவு, கூலி அதிகம், நாள் அதிகம். பள்ளிக்கூடமாகவோ ஹாஸ்டலாகவோ நடக்கும் பழைய மிஷன் பங்களாவுக்கு, பிள்ளைகள் தலையில் ஓடு விழாமல் பார்ப்பதுதான் முதல் கவலை. அதற்கே பணம் பற்றாதபோது கடுக்காய்க்கு எங்கே போவது?

ஆனாலும் செலவில்லாத வேலைகளும் இருக்கின்றன. தட்டட்டியில் முளைக்கிற அரசங்கன்றை விரல் தடிமன் ஆகும்முன் பிடுங்குவது. தூம்புவாயில் சருகு அடைக்காமல் பார்ப்பது. சுவரை ஒட்டி மண் குவியாமலும் சிமென்ட் தரை போடாமலும் இருப்பது. மழைத் தண்ணீரைச் சுவரைவிட்டுத் தள்ளிவிடுவது. கட்டை முனையைக் கம்பியால் குத்திப் பார்ப்பது. உளுத்த முனையை மட்டும் வெட்டி ஒட்டுப்போட முடியும், தளத்தையே எடுக்க வேண்டியதில்லை.

சுண்ணாம்பு வேலைதான் செய்வது என்று முடிவெடுத்தால் காலண்டரைப் பார்த்துத்தான் இறங்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும். ஈரம் காயாத பூச்சு அதில் கரைந்துபோகும். பங்குனி, சித்திரை வெயிலில் பூசினால் இறுகும் முன்பே வறண்டு வெடிக்கும், சாக்கு நனைத்துப் போட்டுக் காக்க வேண்டும். மழை ஓய்ந்த தை, மாசிதான் தோதான காலம். அப்போது பூச வேண்டுமென்றால் சுண்ணாம்பு மார்கழியிலேயே தொட்டியில் ஊற வேண்டும், ஆளுக்கு அதற்கு முன்பே சொல்லிவைத்திருக்க வேண்டும். புரட்டாசிக் கடைசியில் முதல் தூறல் விழுந்து கூடம் ஒழுகத் தொடங்கிய பிறகு ஆள் தேடினால், சிமென்ட் மூட்டையோடு வருகிறவர்தான் கிடைப்பார்.